தனித் தொட்டி

கூடப்பிறந்த தங்கச்சியை எந்த அண்ணனாவது மண்வெட்டிக்கும் உர மூட்டைக்கும் நடுவில் குடிவைப்பானா? பொன்ராஜ் வைத்தான்.

முத்துப்பேச்சி தாலி அறுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் கிணறெல்லாம் வறண்டு, கஞ்சிக்கே வழியில்லாத வருஷம் அது. ஒன்றரை வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு கடுதாசிகூடப் போடாமல், கோவில்பட்டிப் பக்கமிருந்து மூன்று பஸ் மாறி வண்டிப்பெரியாரில் வந்து இறங்கினாள். அண்ணன் இருக்கிறான், தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வரிசையில் அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அந்த ஒரே தைரியம்தான்.

பொன்ராஜுக்குத் துரை பங்களாவில் தோட்ட வேலை. தகவல் கேட்டு ஓடி வந்தவன், பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். பிள்ளை கையை நீட்டியது, வாங்கவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை. பங்களாவுக்குப் பின்னால் இருந்த சாமான் கொட்டகையைத் திறந்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு இங்கேயே இரு, லயத்துப் பக்கம் மட்டும் வந்துவிடாதே என்றான்.

"மதினி எங்கேண்ணே?"

"வேலை கெடக்கு."

அவ்வளவுதான் பேச்சு. தினமும் காலையில் அரிசியையும் விறகையும் வாசலில் வைத்துவிட்டு, அவள் வெளியே வருவதற்குள் நகர்ந்துவிடுவான். மதினி வேலுத்தாயும் அவள் பிள்ளைகள் இரண்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் மதுரையிலிருந்து, துரை எப்போதோ சொல்லிவைத்திருந்த ஆறு தங்கமீன் வந்தது, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில். துரை கொச்சிக்குப் போயிருந்தார். பங்களா வராந்தாவில் ஆள் படுக்கிற நீளத்துக்கு மீன்தொட்டி இருந்தும், பொன்ராஜ் பையை அங்கே கொண்டுபோகவில்லை. கொட்டகைக்குத்தான் வந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நில் என்று அவளை அனுப்பிவிட்டு, மூலையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியை வைத்தான்.

சோப்புப் படாமல் கழுவினான். முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினான். ஒரு கை கல்லுப்பு, இரண்டு சொட்டு நீல மருந்து. மூன்று பக்கமும் சாக்கு. பையை அவிழ்க்காமல் அரைமணி மிதக்கவிட்டு, அப்புறம்தான் மீன்களை இறக்கினான். இதற்கென்று தனி வலை, தனிக் குவளை. குளிருக்கு மேலே ஒரு பல்பு.

முத்துப்பேச்சி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"பெரிய தொட்டியில எடம் இல்லையாண்ணே?"

"எடமெல்லாம் கெடக்கு. இதுக இப்ப அங்க போகப்படாது."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வாரமாவது ஆகும்."

அவளுக்கு விளங்கிவிட்டது. புதுசாக வருவது எதைக் கொண்டுவருமோ என்ற பயம். மீன் என்றால் சீக்கு. அவள் என்றால், புருஷனை முழுங்கிவிட்டு வந்த ராசி.

"எனக்கும் மூணு வாரம்தானாண்ணே?"

பொன்ராஜ் பல்பை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதற்குமேல் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். மழை விடவில்லை. பிள்ளை அந்த பல்பைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. மீனுக்குப் போட்ட விளக்கில் என் பிள்ளை குளிர்காய வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது, அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஊரிலேயே கிடந்து சாகலாம். அங்கே பட்டினிதான், இந்த ஒதுக்கல் இல்லை.

மறுநாள் விடிந்ததும் மூட்டையைக் கட்டினாள். புறப்படும்போது அந்த ஆறு மீனும் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றன. என்ன தோன்றியதோ, ஒரு சட்டியில் மொண்டு எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். பெரிய தொட்டி துணி போட்டு மூடியிருந்தது. ஓரத்தைத் தூக்கி, ஆறையும் உள்ளே சாய்த்துவிட்டு வந்தாள்.

அரிசியோடு வந்த பொன்ராஜ் மூட்டையைப் பார்த்தான். அப்புறம் வெறும் தொட்டியைப் பார்த்தான்.

"மீன் எங்க பேச்சி?"

"அதுக வீட்டுல சேத்துட்டேன். அதுகளுக்காச்சும் கதவு தெறக்கட்டும்."

அடிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் அரிசியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினான். பிள்ளையோடு அவளும் பின்னாலேயே போனாள். அவன் துணியை இழுத்தான்.

பழைய மீன்களெல்லாம் செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. மேலெல்லாம் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. இரண்டு வயிறு மேலாக மிதந்தன. நடுவில் புதுசு ஆறும், ஒன்றும் தெரியாமல் நீந்திக்கொண்டிருந்தன.

பொன்ராஜ் வலையை எடுத்தான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"புதுசுக்கு ஒண்ணுமில்லம்மா. உள்ள கெடக்கிறதுகளுக்குத்தான் சீக்கு."

அவள் தொட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணே... வீட்டுல?"

"அம்மா எறங்கியிருக்கா. லயம் பூரா அம்மை. நம்ம பெரியவளுக்கு மேலெல்லாம் முத்து, மதினி பக்கத்துலயே கெடக்கா. உங்கிட்டச் சொன்னா கைப்பிள்ளையோட ஓடி வந்து உக்காந்துருவ. அதான் சொல்லலை."

"சின்னவன் எப்படியிருக்கான்?"

பொன்ராஜ் துணியை மறுபடி தொட்டிமேல் இழுத்துவிட்டான்.

"நீ பஸ்ஸவிட்டு எறங்குனியே, அன்னைக்குக் காலையிலதான் அவனப் பொதைச்சிட்டு வந்தேன்."