சுவரில் ஓடும் ஓடை

திரைச்சீலை இழுத்துவிட்ட கூட்ட அறையின் சுவரில், ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் ஒரு நீல ஓடை ஓடுகிறது. தீவின் அணைத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று ஊர்க்காரர்களே கம்ப்யூட்டரில் செய்து பார்க்கட்டும் என அழைத்திருக்கிறார் இன்ஜினியர் சுதாகர். மவுஸ் இப்போது டாலிகஞ்ச் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பொன்னம்மாவின் கையில் இருக்கிறது. அவள் வளையல்கள் மேசையில் உரசுகின்றன. தன் பகுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று வைக்கிறாள். திரையில் ஒரு கோடை மளமளவென்று ஓடி முடிகிறது. அணைக்குக் கீழே ஓடை சிவந்துபோகிறது. "அந்தச் செவப்பு என்னா சார்?" "ஓடை காஞ்சுபோச்சும்மா. கீழ கொஞ்சம் வீடு, பாக்குத் தோட்டம் இருக்கு." "அரே, அவுங்க எங்க போவாங்க?" டாலிகஞ்சுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை என்று மாற்றுகிறாள். மறுபடி கோடை ஓடுகிறது. சிவப்பு மெல்ல நீலமாகிறது. "இது போதும். எல்லாரும் தேவைக்கு மட்டும் புடிச்சா சரியா வரும்." பின்வரிசையில் கைதட்டுகிறார்கள். சுதாகர் முகம் மலர்கிறது.

மேசைமேல் அவள் போன் அதிர்கிறது. மகள்தான். எடுத்துப் பேசுகிறாள்: "பானி வந்துடுச்சா? எல்லா டிரம்மையும் ரொப்பு. குக்கரு, டிபன் டப்பா, ஒண்ணு விடாத." குரலை அவள் தணிக்கவே இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. கைதட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுக்கிறார்கள். ஓடை அவர்கள் தலைக்குமேல் நீலமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. லம்பா லைன் பகுதியில் குடியிருக்கும் சுதாகர் கதவோரம் ஒதுங்கி, கையால் வாயை மறைத்துக்கொண்டு மனைவியிடம் கேட்கிறார்: "நம்ம பக்கமும் வந்துடுச்சா? பாத்ரூம் வாளியையும் சேத்து ரொப்பிடு."