வேலை செய்யாத நாள்

ஹங்கேரிக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தை நாள் என்று சத்தியதாஸ் சொன்னதும் ஆலயம் முழுக்கச் சிரித்தது.

பெருங்கடவிளைச் சந்தைக்குப் போக வேண்டுமென்று பாதிப் பிரசங்கத்தில் நழுவும் கூட்டம் ஒன்று அந்தச் சபையில் உண்டு. அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அன்று ஆண்கள் ஐக்கியப் பண்டிகை. வருஷத்தில் இந்த ஒரு ஞாயிறு போதகர் கீழே உட்காருவார், சபையில் ஒருவர் பிரசங்க மேடை ஏறுவார். இந்த முறை சபைச் செயலாளர் சத்தியதாஸ். மற்ற நாட்களில் அவர் கட்டட காண்ட்ராக்டர். கம்பி, சிமெண்ட், வாய் நிறைய ஏச்சு.

யோசனை ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் லிஷாவுடையது. கூட வேலை பார்க்கும் பல தேசத்துப் பெண்களிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு அவரவர் பாஷையில் என்ன பெயர், அது எங்கிருந்து வந்தது என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். பேப்பரில் எழுதிக்கொள்ளச் சோம்பல். சத்தியதாஸ் செல்போனையே வேதாகமத்தின் மேல் வைத்துப் பார்த்துப் பேசினார்.

ஆங்கிலேயனுக்கும் ஜெர்மானியனுக்கும் அது சூரியனின் நாள். நம் ஞாயிறும் அதே சூரியன்தான் என்றபோது மூத்தவர்கள் தலையாட்டினார்கள். பிரெஞ்சுக்காரனின் திமான்ஷும் ஸ்பெயின்காரனின் தொமிங்கோவும் கர்த்தருடைய நாள். அதற்கு ஆமென் விழுந்தது.

அடுத்தது போலந்து. விரலால் திரையைத் தள்ளினார்.

திரையின் உச்சியிலிருந்து ஒரு செய்தி இறங்கியது. உதியன்குளங்கரை சைட்டைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஜெயன்.

‘சார், தங்கையன் சேட்டன் மேல நின்னு பலகையோட கீழ விழுந்துட்டாரு. ஆளுக்கு அனக்கமில்ல, பேச்சுமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாச்சு, டாக்டர் பாக்காரு.’

நான்கு வினாடி நின்றுவிட்டு அது மறைந்தது.

சத்தியதாஸ் தலையைத் தூக்கினார். மூன்றாவது வரிசையில் தங்கையனின் மனைவி சுகிர்தபாய், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று சாயங்காலம் தங்கையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றிருந்தான். நாளைக்கு ஆண்கள் பண்டிகை, காணிக்கை எடுக்கிறவர்களில் தன் பேரும் இருக்கிறது, வேஷ்டி தேய்த்து வைத்தாயிற்று என்றான். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைத் திங்கள்கிழமை வந்து பிரித்துக்கொள்ளலாமே என்றான்.

சத்தியதாஸ் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எலே, நாளைக்கு வர ஒக்காதுன்னா திங்களாச்சயும் வராண்டாம்.”

இப்போதே மேடையை விட்டு இறங்க வேண்டும். அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இறங்கினால் ஏன் என்று ஐந்நூறு பேரும் கேட்பார்கள். பண்டிகை அதுவுமாக அவனை வேலைக்கு அனுப்பியது யார் என்று கேட்பார்கள். நாலே நிமிஷம், முடித்துவிட்டே இறங்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

“போலந்துக்காரன் இத ‘நியெஜேலா’ங்கான். அப்படீன்னா வேலை செய்யாத நாள் ஆக்கும்.”

ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது தன் வாயாலேயே வந்து தன் காதில் விழுந்தது. சுகிர்தபாய் எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஆமென் என்றாள்.

இன்னொரு செய்தி இறங்கியது.

‘டாக்டர் பாத்தாரு. போயாச்சு சார்.’

அதற்குக் கீழே பட்டியலில் ரஷ்யா மட்டும் மிச்சமிருந்தது. வஸ்க்ரெசேனியே, உயிர்த்தெழுதல் என்று லிஷா எழுதியிருந்தாள். கடைசியில் இதைச் சொல்லி முடியுங்கள் அப்பா, எல்லோருக்கும் புல்லரிக்கும் என்றும் எழுதியிருந்தாள்.

சத்தியதாஸ் அந்த வரியை விரலால் மேலே தள்ளினார். ரஷ்யாவை விட்டுவிட்டார். ஜெபிப்போம் என்றார்.

போதகர் எழுந்து ஜெபத்தைத் தொடங்கினார். நீளமாக ஜெபிக்கிறவர். ஆலயம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது.

சத்தியதாஸ் மூடவில்லை. வேதாகமத்தின் மறைவில் கட்டைவிரலால் ஜெயனுக்கு எழுதினார்.

‘ஞாயித்துக்கிழமை வேலை வேண்டாம்னு நான் நேத்தே சொல்லியாச்சு. அவனா போனான். யாரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும்.’

பாவி, பாவி என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. இருந்தும் அனுப்பினார்.

இரண்டு டிக்கும் நீலமாயின. ஜெயன் எதையோ எழுதினான், நிறுத்தினான், மறுபடி எழுதினான்.

‘நான் என்ன வேணும்னாலும் சொல்லாம் சார். ஆனா சேட்டனுக்க போன் இப்ப என் கையில உண்டு. அதில வந்த கால் இன்னும் கட்டாவல்ல. நீங்க பண்ணின பிரசங்கம் முழுசும் இதில கேட்டுது. சுகிர்தபாய் சேச்சி ஆலயத்தில இருந்து போன் விளிச்சு விட்டிருக்கு. அத காதில வச்சுக் கேட்டுக்கிட்டாக்கும் சேட்டன் பலகை பிரிச்சாரு.’

சத்தியதாஸ் நிமிர்ந்தார்.

மூன்றாவது வரிசையில் சுகிர்தபாய் கண்ணை இறுக மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கையில் போன், பிரசங்க மேடையைப் பார்த்தபடி இருந்தது. கை தளராமல் இருக்க, முழங்கைக்கு இடது கையை முட்டுக் கொடுத்திருந்தாள்.