தானாக நிற்கும் வண்டி

"காலை எடுத்துடுங்க ஐயா. பிரேக் பக்கமே போகாதீங்க. வண்டி பார்த்துக்கும்."

"எதைப் பார்த்துக்கும்? அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

ரலிட்சா சிரித்து வைத்தாள். இந்தக் கேள்விக்கு இன்றைக்கு மட்டும் இது மூன்றாவது சிரிப்பு. காலையில் வந்த இரண்டு பேரும் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று நழுவிவிட்டார்கள். மாதத்தின் கடைசி நாள். இந்த மாதமும் ஒரு காரையாவது விற்காவிட்டால் நாளையிலிருந்து ஷோரூமுக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியாயிற்று. செருப்பு வேறு குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் டோப்ரி லேசில் மசிகிற ஆளாகத் தெரியவில்லை.

"கண்ணு இருக்குங்க. முன்பக்கம் ரேடார். முன்னாடி போற வண்டி மெதுவானா இதுவும் மெதுவாகும். அது நின்னா இதுவும் நிக்கும். நூத்திப்பத்துன்னு வேகத்தை வெச்சுட்டா அப்புறம் உங்க காலுக்கு வேலையே இல்ல."

"வேலையே இல்லேன்னா நான் எதுக்கு இங்க? பின் சீட்டுல போய்ப் படுத்துக்கறேனே."

இந்த மாதிரிப் பெரியவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷம் லொடலொட வண்டியோடு மல்லுக்கட்டியவர்கள். புது மெஷின் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். ப்ளோவ்டிவ் நகரத்தைத் தாண்டி புர்காஸ் போகும் நெடுஞ்சாலையில் ஏறியும் டோப்ரியின் கால் பிரேக்குக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு கழுதை இருந்துச்சு" என்றார் அவர். "முன்னாடி வண்டி நின்னா அதுவும்தான் நிக்கும்."

"கழுதை நூத்திப்பத்துல போச்சுங்களா?"

டோப்ரி அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். "வாய் இருக்கு உனக்கு. நல்லா விப்பே."

"வித்தாகணும்ங்க. இன்னிக்கு ஒண்ணாவது விக்கலேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஏன் இதை இவரிடம் போய்ச் சொன்னோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. களைப்பு, வேறென்ன.

அவர் பார்வை சாலைக்குத் திரும்பியது.

"அப்போ நெஜத்தைச் சொல்லு. ஒருத்தன் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வர்றான். கண்ணு சொக்குது. முன்னாடி போற லாரி மெதுவாகி நின்னுடுது. இவன் பாக்கல. அப்பவும் இது நிக்குமா?"

"நிக்கும்."

"விக்கறதுக்காகச் சொல்லாதே."

"சத்தியமா நிக்கும் ஐயா. உயிரைக் காப்பாத்தற சாமான் இது. இதுக்காகத்தானே செஞ்சே வெச்சிருக்காங்க."

சாலையில் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. டோப்ரி காலைப் பின்னுக்கு இழுத்துத் தரையில் ஊன்றினார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"ஐயா, கண்ணைத் திறங்க."

அவர் திறக்கவில்லை. லாரியின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. ரலிட்சா இரண்டு கையாலும் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அவளே இந்த ரேடாரை இவ்வளவு தூரம் நம்பிப் பார்த்ததில்லை. கார் வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, லாரிக்கு நாலு மீட்டர் பின்னால் நின்றது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுங்க."

"நின்னுடுச்சு" என்று அவரும் சொன்னார். அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சை நிறுத்திய வாடிக்கையாளர் மனசுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்; பத்து வருஷ அனுபவத்தில் அவள் கண்டது அது. ஷோரூமுக்கு வந்ததும் அவர் முன்னால் காபியை வைத்தாள், காகிதங்களை எடுத்து வைத்தாள். மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

"அப்போ இது இருந்தா கண்டிப்பா நிக்கும். நீயே சொல்றே."

"நானே சொல்றேன். இது இல்லாத வண்டியில எங்கப்பாவை ஏத்த மாட்டேன், போதுமா?"

டோப்ரி கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அடையாள அட்டை எடுக்கிறார் என்று அவள் பேனா மூடியைக் கழற்றினாள். வெளியே வந்தது நாலாக மடித்த ஒரு தாள். அதைப் பிரித்து மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். ஊரில் வீட்டுக்கதவு, மின்கம்பம், பஸ் நிறுத்தம் என்று எங்கு பார்த்தாலும் ஒட்டியிருக்கும் அஞ்சலித் தாள். 'நீ இல்லாத ஆறு மாதங்கள்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு இளைஞனின் படம்.

போன வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த ரேடார் அவசியமாக்கா?" என்று கேட்டவன். ரேடார் வைத்த வண்டி வந்துசேர மூன்று மாதம் ஆகும் என்றிருந்த நேரம். ரேடார் இல்லாத ஒன்று அன்றைக்குக் கைவசம் நின்றிருந்தது.

"'அதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு, உனக்கெதுக்குத் தம்பி'ன்னு நீ சொன்னியாம். வீட்டுக்கு வந்து என் பையன் அவ்வளவு பெருமையா சொன்னான்" என்றார் டோப்ரி. "இதை உங்க கண்ணாடிக் கதவுல ஒட்டிக்கலாமாம்மா?"