சிமெண்ட் முடிகிற இடம்

கீழத்தெருவில் சிமெண்ட் ரோடு பழைய வார்டு மெம்பரின் வீட்டு வாசலோடு நின்றிருந்தது. அடைமழையன்று ஆம்புலன்ஸ் அதைத் தாண்டி வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த பேச்சிமுத்துவைக் கட்டிலோடு சேற்றில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்த ஆத்திரத்தில்தான் அவன் பெண்டாட்டி செல்லக்கிளி தேர்தலில் நின்றாள். "கடைசி வீடு வரைக்கும் ரோடு போட்டுத் தாரேன்" என்று சேற்றில் நடந்தே ஓட்டுக் கேட்டாள். ஜெயித்தாள். ரோடு ஏழு வீடு தாண்டி வந்து அவள் வாசலோடு நின்றது. நிதி அவ்வளவுதான் என்றார்கள். முதல் வருடம் யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். பிறகு சிமெண்டில் மிளகாய் காயப்போட ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழையில் கடைசி வீட்டு மாரித்தங்கம் ரோட்டைப் பற்றிக் கேட்க வந்தாள். முழங்கால் வரை சேறு.

"காலைக் கழுவிட்டு ஏறு தாயி. இப்பந்தான் வாசலைக் கழுவி விட்டேன்" என்றாள் செல்லக்கிளி.

மாரித்தங்கம் காலைக் கழுவவில்லை. சிமெண்ட் முடிகிற இடத்தில் சேற்றில் நின்றபடியே, வந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"எலெக்சனுக்கு மனு எங்க குடுக்கணும்க்கா?"