கை வைத்தால் எடுத்த மாதிரி

சதீஸின் உயிர் மூவாயிரத்து இருநூறு ரூபாய். அது லெட்சுமணன் முதலாளி சொன்ன விலை. ஹுஸைன் ஹாஜியார் இரண்டாயிரத்துக்குக் கேட்டார்.

அவர்கள் பேசியது என்னவோ நாலு போல்ட்டைப் பற்றித்தான். ஆளை விட உயரமான கரண்ட் பெனல் பெட்டியைத் தரையோடு இறுக்குகிற போல்ட்.

பெட்டி, கெலிஓயாவில் ஹாஜியாரின் மிளகாய்த்தூள் மில்லுக்கு வந்தது. விற்றவர் கண்டியில் கடை வைத்திருக்கும் முதலாளி. அதைத் தரையோடு பூட்டிக் கொடுக்க சதீஸைக் கூட்டி வந்தவரும் அவரே. தரையில் நாலு துளையும் போட்டுவிட்டு சதீஸ் போல்ட்டைக் கேட்டான்.

"இருக்கு. அது தனி விலை" என்றார் முதலாளி.

பேரம் தொடங்கியது.

பெட்டியை இறக்கிய ஆட்களை, கூலி ஏறுகிறதென்று ஹாஜியார் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்.

மில் தரை, கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது. பெட்டியின் முன்காலுக்கு அடியில் வைத்த பலகைத் துண்டு மெல்ல நழுவியது. பெட்டி சாய்ந்தது. சதீஸ் முதுகைக் கொடுத்தான்.

நெஞ்சுக்கு நேரே அரைக்கும் மெஷின். விலக இடமில்லை.

"முதலாளி, பின்காலுக்கு ரெண்டு போல்ட்டப் போட்டா நின்னுரும். இல்லாட்டி ஒரு கை குடுங்க. பாரம் தாங்கல."

ஸ்பானர் முதலாளியின் காலடியிலேயே கிடந்தது.

ஆனால் கை கொடுப்பதில்தான் சிக்கல். விலை படியுமுன் வாங்குகிறவன் சரக்கில் கை வைத்தால் எடுத்த மாதிரி. விற்கிறவன் கை வைத்தால் இறங்கி வந்த மாதிரி. எங்கள் பக்கத்து வியாபாரம் அப்படி.

ஹாஜியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலாளி காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பெட்டிச் சாவியும் அந்தப் பைக்குள்தான். கணக்கு முடியாமல் அவர் யாருக்கும் சாவி கொடுத்ததில்லை.

"கொஞ்சம் பொறுங்க தம்பி, பேசிட்டு ஈக்கிறமே" என்ற ஹாஜியார், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஏறினார்.

"மூவாயிரம். அதுக்குக் கீழ எனக்கு வாங்கின விலையே வராது ஹாஜியார்."

ஹாஜியார் வாசலைப் பார்த்து நடந்தார். நிலையைத் தாண்டுமுன் விற்கிறவன் கூப்பிடுவான் என்பது கணக்கு. முதலாளி சுவரில் தொங்கிய கலண்டரை ரசித்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டது சதீஸ்.

"ஹாஜியார், போயிராதீங்க. அந்தக் காச நான் தர்றேன். என் கூலியில கழிச்சிக்கங்க முதலாளி."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். இரண்டு முகத்திலும் ஒரே வெளிச்சம்.

"மூவாயிரத்து இருநூறுக்கா?" என்றார் முதலாளி.

சதீஸ் தலையாட்டினான். பலகைத் துண்டு முழுதாக நழுவியது.

ரோட்டில் நின்றவர்கள் ஓடி வந்து பெட்டியைத் தூக்கினார்கள். சதீஸை முகத்தை மூடித்தான் வெளியே கொண்டுபோனார்கள்.

பெட்டிக்குள்ளே என்ன சேதம் என்று பார்க்க முதலாளி சாவியை எடுத்து அதன் பின்கதவைத் திறந்தார். கதவின் உட்பக்கம், கம்பனி ஒட்டி அனுப்பிய ஒரு பிளாஸ்டிக் பை.

ஹாஜியார் அதைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினார். நாலு போல்ட்.

"அது பெட்டியோட வர்றது ஹாஜியார்" என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி. "அதுக்குக் காசு இல்ல."

இரண்டு நாள் கழித்து, சதீஸின் கூலி ஹேவாஹெட்டயில் அவன் தாய் வேலாயியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூவாயிரத்து இருநூறு குறைந்திருந்தது.