சக்கர நாற்காலி வரிசை

"சொன்னாப் புரியாதா சார்? சக்கர நாற்காலி வரிசை நிரம்பிடுச்சு!"

ஸ்டேடியத்தின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் மேற்பார்வையாளர். தையல்காரருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"டிக்கெட் கையில இருக்கே! பொண்ணு சீசன் பூரா கெஞ்சினா. இன்னைக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். கடைசி ஆட்டம் சார்."

மகளுக்குப் பன்னிரண்டு வயது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்வார் என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து முன்கூட்டியே சொல்லிவிடுவாள், பொல்லாத பெண்! நேரில் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. போன வருஷம் வந்தபோது வெறும் படிக்கட்டுதான் இருந்தது. அழுதுகொண்டே திரும்பினாள். இன்றைக்கு அப்பா தைத்துக் கொடுத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"லீக்ல இருந்து சோதனைக்கு வந்திருக்காங்க. இந்த வரிசை இல்லாத ஸ்டேடியத்துக்கு அடுத்த வருஷம் ஆட்டமே கிடையாதாம். டிக்கெட்டை அதிகமா வித்துட்டாங்க போல. நான் என்ன பண்ண?"

"யாராவது ஒருத்தரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன்."

"அங்க இருக்கறவங்களும் நடக்க முடியாதவங்கதான். மனசாட்சியோட பேசுங்க சார்!"

தையல்காரருக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை, என் பிள்ளை என்றே பேசிவிட்டோமே, சே!

மகள் அவர் சட்டையை இழுத்தாள். "விடுப்பா. அவங்களுக்கும் இப்பத்தானே வழி கிடைச்சிருக்கு."

மேற்பார்வையாளர் மனமிரங்கி, மூலையில் கம்பித் தடுப்போரம் அவள் வண்டியை நிறுத்த விட்டார். அங்கிருந்து மைதானம் பாதிதான் தெரிந்தது. பக்கத்திலேயே சக்கர நாற்காலி வரிசைக்கான மேடை. பத்துப் பேர் வரிசையாக, மடியில் கிளப் கொடியோடு.

"எல்லாருக்கும் புது வண்டிப்பா!" என்றாள் மகள் ஆசையாக. கையசைத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய திரையில் அந்த வரிசையைக் காட்டினார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. லீக் அதிகாரி கிளப் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தையல்காரரும் கண் கலங்கக் கைதட்டினார். நல்ல காரியம், யாருக்குக் கிடைத்தால் என்ன!

ஆட்டம் முடியும் நேரம். "கோல்!" என்று அரங்கம் அலறியது.

கோல் விழுந்தது அவர்களுக்குத் தெரியாத பக்கத்தில். "யாருப்பா அடிச்சது?" என்று மகள் தவித்தாள். தையல்காரர் மேடையையே பார்த்தபடி நின்றார்.

பத்துப் பேரும் நாற்காலியை விட்டு எழுந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வையாளர் மேடையை நோக்கித் தலைதெறிக்க ஓடினார்.

"உக்காருங்கய்யா! கேமரா இந்தப் பக்கம் திரும்புது!"