முதல் கடி

தெருமுனை பார்பிக்யூ பாரில் அடுப்பு மூடியைத் திறந்ததும் குப்பென்று எழுகிற புகையில் மஞ்சள் விளக்கே மங்குகிறது. பஸ் ஓட்டுகிறவளுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. மேஜைக்கடியில் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தாடை உடைந்ததிலிருந்து எல்லாமே நறுக்கி, அரைத்து, உறிஞ்சுகுழலில்தான். இனி கடித்தே சாப்பிடலாம் என்று டாக்டர் இன்றுதான் சொல்லியிருக்கிறார். எதிரே கணவன், பழக்கதோஷத்தில், அவள் தட்டிலிருக்கும் கறியைப் பொடிப்பொடியாக நறுக்குகிறான்.

“மெதுவாம்மா, அவசரப்படாதே.”

அவள் எங்கே காதில் வாங்கினாள்? அவன் தட்டிலிருந்து விலா எலும்பை வெடுக்கென்று பறித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கடிக்கிறாள். கருகிய ஓரம் நறுக்கென்று உடைகிறது. அவன் கையிலிருக்கும் கத்தி அந்தரத்திலேயே நிற்கிறது. தாடை தாங்குகிறது. மோவாயில் கொழுப்பு வழிய, நறுக்கிய கறி இருக்கும் தட்டை அவன் பக்கம் தள்ளுகிறாள்.

“இதை நீங்களே சாப்பிடுங்க. எனக்கு எலும்போட இன்னொண்ணு சொல்லுங்க!”